சிறுகோட்டில் தொடங்கும் பெயர், நட்சத்திரமே பெயரான கோப்பு, ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்: ஷெல்லில் இவற்றைக் கையாள்வது எப்படி?

கேள்வி: ஓலைப்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறிய நூலகத்தின் பழைய இதழ்களையும் விழா மலர்களையும் ஸ்கேன் செய்து சேமிக்கும் பணியில் கணினி தொடர்பான வேலைகளை நான் கவனித்துவருகிறேன். பலர் பல கணினிகளிலிருந்து அனுப்பிய கோப்புகள், உபுண்டு இயங்கும் ஒரு சர்வரில் ஒரே அடைவில் சேர்ந்துவிட்டன. பக்கப் படங்கள் மட்டும் ஏறத்தாழ 40,000 இருக்கும். தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லாக பாஷைத்தான் பயன்படுத்துகிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன்.

முதல் சிக்கல், "-அட்டை.ஜேபிஜி" என்ற கோப்பை நீக்க முடியவில்லை. பெயரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டேன், ஒற்றை மேற்கோளுக்குள்ளும் இட்டேன். இரண்டு முறையும் ஆர்எம் கட்டளை "தவறான விருப்பக்குறி" என்று சொல்லி, உடைந்த எழுத்து ஒன்றைக் காட்டி நின்றுவிட்டது.

இரண்டாவது, "*.ஜேபிஜி.முடிந்தது" என்ற பெயரில் ஒரு கோப்பு தானாக உருவாகியிருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் சரிபார்த்த பின் அதன் பெயருடன் "முடிந்தது" என்று சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பை என் ஸ்கிரிப்ட் உருவாக்கும். அப்படி உருவான ஆயிரக்கணக்கான அடையாளக் கோப்புகளுக்கு நடுவே இதுவும் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெயரை ஆர்எம்முக்குக் கொடுத்தால் மற்ற எல்லாமும் சேர்ந்து போய்விடுமே என்ற அச்சத்தில் தொடாமல் விட்டிருக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்கு விளங்கவே இல்லை. எல்எஸ் கட்டளையின் பட்டியலில் "கோலம்.பிடிஎஃப்" என்ற பெயர் இரண்டு முறை வருகிறது. ஒரே அடைவில் ஒரே பெயருடன் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது என்றுதான் படித்திருக்கிறேன். நான் பெயரைத் தட்டச்சு செய்து திறந்தால் எப்போதும் ஒன்றுதான் திறக்கிறது. மற்றொன்றை எட்ட முடியவில்லை.

இவை தவிர, பெயரில் இடைவெளி உள்ள கோப்புகளில் என் ஸ்கிரிப்ட் தடுமாறுகிறது. எல்எஸ் வெளியீட்டைப் பின்மேற்கோளுக்குள் இட்டு ஃபார் சுழற்சிக்குக் கொடுத்திருக்கிறேன். மேலும் சில பெயர்களை எல்எஸ் ஒற்றை மேற்கோளுடன் காட்டுகிறது. அந்த மேற்கோள் பெயரின் பகுதிதானா என்பதும் தெரியவில்லை. வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கருந்திரை

வணக்கம் ஓலைப்பெட்டி அவர்களே. நீங்கள் அடிக்கும் ஒரு வரியை இருவர் அடுத்தடுத்துப் படிக்கிறார்கள். முதலில் ஷெல் படிக்கிறது. அது மாறிகளின் மதிப்பை இட்டு, மேற்கோளுக்கு வெளியே இருக்கும் மதிப்புகளை இடைவெளி கண்ட இடங்களில் துண்டாக்கி, நட்சத்திரம், கேள்விக்குறி, சதுர அடைப்பு ஆகிய வைல்டுகார்டுகளைப் பொருந்தும் கோப்புப் பெயர்களாக விரித்து, கடைசியாக மேற்கோள் குறிகளை உரித்தெடுத்துவிடுகிறது. எஞ்சிய சொற்களின் வரிசை மட்டுமே இரண்டாவது வாசகரான ஆர்எம்முக்குப் போய்ச் சேர்கிறது. ஆர்எம் தன் வாழ்நாளில் ஒரு வைல்டுகார்டையும் பார்த்ததில்லை. நீங்கள் இட்ட மேற்கோளையும் அது பார்ப்பதில்லை.

இந்தப் பிரிவினை மிகப் பழையது. யூனிக்ஸின் தொடக்ககாலப் பதிப்புகளில் ஷெல்லுக்கே நட்சத்திரத்தை விரிக்கத் தெரியாது. வரியில் அத்தகைய குறியைக் கண்டால் அது /இடிசி/குளோப் என்ற தனி நிரலை அழைக்கும். டென்னிஸ் ரிட்சி எழுதிய அந்த நிரல் பெயர்களை விரித்து, பிறகு உரிய கட்டளையை இயக்கும். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் போர்ன் ஷெல்லில் அந்த வேலை ஷெல்லுக்குள்ளேயே வந்துவிட்டது. குளோப் என்ற பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாஸ் இயங்குதளத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே நட்சத்திரம் அப்படியே கட்டளையின் கைக்குப் போகும். அதை விரிப்பது அந்தந்த நிரலின் பொறுப்பு. அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத்தான் இங்கே அதிகம் சறுக்குகிறது.

இப்போது உங்கள் முதல் சிக்கலுக்கு வருவோம். சிறுகோடு ஷெல்லுக்கு எவ்வகையிலும் சிறப்புக்குறி அன்று. ஆகவே அதை மேற்கோளுக்குள் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஆர்எம்முக்குப் போவது ஒரே சொல்தான். சிறுகோட்டில் தொடங்குவதை விருப்பக்குறியாக, அதாவது கட்டளையின் நடத்தையை மாற்றும் குறியாக, எடுத்துக்கொள்வது ஆர்எம்மின் வழக்கம். விருப்பக்குறிகளை அது ஒவ்வொரு பைட்டாகப் படிப்பதால், மூன்று பைட்டுகள் கொண்ட "அ" என்ற எழுத்தின் முதல் பைட்டை மட்டும் பிய்த்துக் காட்டியிருக்கிறது. நீங்கள் கண்ட உடைந்த எழுத்து அதுதான். தமிழ்ப் பெயராக இருந்ததால் பிழையோடு நின்றது என்று மகிழுங்கள். சிறுகோட்டுக்குப் பின் ஆங்கில ஆர், எஃப் என்ற எழுத்துகள் இருந்திருந்தால் ஆர்எம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அவற்றைக் கட்டளையாக ஏற்றிருக்கும்.

தீர்வுகள் இரண்டு:

ஆர்எம் -- -அட்டை.ஜேபிஜி
ஆர்எம் ./-அட்டை.ஜேபிஜி

முதல் வரியில் உள்ள இரட்டைச் சிறுகோடு, விருப்பக்குறிகள் இத்துடன் முடிந்தன என்று அறிவிக்கும் போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை முறைமைகளுக்கான பொதுத் தரம்) மரபு. இரண்டாவது வரியில் பெயர் புள்ளியில் தொடங்குவதால் கேள்வியே எழுவதில்லை. நான் எப்போதும் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். எல்லாக் கட்டளைகளும் இரட்டைச் சிறுகோட்டை மதிப்பதில்லை. பாஷின் எக்கோ அதையும் அச்சிட்டுவிடும். வெறும் ஒற்றைச் சிறுகோடே பெயரான கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: கேட் கட்டளைக்கு இரட்டைச் சிறுகோடு இட்டு அந்தப் பெயரைக் கொடுத்தாலும் அது விசைப்பலகை உள்ளீட்டுக்காகத்தான் காத்திருக்கும், ஏனெனில் அந்தச் சிறுகோட்டை அது விருப்பக்குறியாகப் பார்க்கவில்லை, வழக்கமான உள்ளீட்டின் பெயராகப் பார்க்கிறது. "./-" என்று எழுதினால் மட்டுமே கோப்பு திறக்கும். சொல்லப்போனால், லினக்ஸில் வழக்கமாக உள்ள குனூ ஆர்எம் தன் பிழைச் செய்திக்கு அடுத்த வரியிலேயே "./" முறையைப் பரிந்துரைத்திருக்கும். முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

இரண்டாவது சிக்கலில் ஏமாறக்கூடியது ஷெல். ஆகவே இங்கே மேற்கோள் பயன்படும். ஒற்றை மேற்கோளுக்குள் முழுப் பெயரையும் இடலாம், அல்லது நட்சத்திரத்துக்கு முன் ஒரு பின்சாய்வுக் கோடு இடலாம். ஆனால் நீக்குவதற்கு முன், ஆர்எம் இருக்கும் இடத்தில், தனக்கு வந்ததை அச்சிட்டு மட்டும் காட்டும் பிரிண்ட்எஃப்பை வைத்து ஒருமுறை பாருங்கள்:

பிரிண்ட்எஃப் '%எஸ்\என்' './*.ஜேபிஜி.முடிந்தது'

ஒரே ஒரு வரி வந்தால் ஆர்எம்முக்கும் அந்த ஒரே சொல்தான் போகும். இதற்கு எல்எஸ்ஸைப் பயன்படுத்தாதீர்கள். பெயர் ஓர் அடைவாக இருந்தால் அது உள்ளே புகுந்து வேறு பட்டியலைக் காட்டும்.

அந்தக் கோப்பு தானாக முளைத்ததற்கும் காரணம் உண்டு. என்றோ ஒருநாள் உங்கள் ஸ்கிரிப்ட் ஜேபிஜி கோப்பே இல்லாத அடைவில் ஓடியிருக்கிறது. பொருந்தும் பெயர் ஒன்றும் இல்லையென்றால் பாஷ் அந்த வைல்டுகார்டை விரிக்காமல் அப்படியே விட்டுவிடும். சுழற்சி ஒருமுறை சுற்றும், மாறியில் நட்சத்திரமே இருக்கும், அடையாளக் கோப்பும் அந்தப் பெயரிலேயே பிறக்கும். இசட்ஷெல்லும் சிஷெல்லும் இந்த இடத்தில் பொருத்தம் இல்லை என்று பிழை சொல்லி நின்றுவிடும். என் பார்வையில் அதுவே நேர்மையான நடத்தை. பாஷ் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் "ஷாப்ட் -எஸ் நல்குளோப்" என்று இட்டால் பொருந்தாத வைல்டுகார்டு வெறுமையாகிவிடும், சுழற்சி ஒருமுறைகூடச் சுற்றாது. இதை முனையத்தில் நிரந்தரமாக இட்டுவைக்க வேண்டாம். அப்படி இட்டால், பொருந்தாத பெயரை எல்எஸ்ஸுக்குக் கொடுக்கும்போது அந்தப் பெயர் மறைந்து, வெறும் எல்எஸ் எஞ்சி, முழு அடைவையும் கொட்டிக் காட்டும்.

ஃபார் சுழற்சியில் எல்எஸ்ஸை அறவே நீக்குங்கள். எல்எஸ்ஸின் வெளியீடு பெயர்களின் பட்டியலாக ஷெல்லுக்கு வருவதில்லை, வெறும் உரையாக வருகிறது. ஷெல் அதை இடைவெளிதோறும் வெட்டுகிறது. நேரடியாக வைல்டுகார்டையே கொடுத்தால், விரிந்துவரும் பெயர்களை ஷெல் மீண்டும் துண்டாக்குவதில்லை, இடைவெளி இருந்தாலும் முழுதாகவே வரும்:

ஃபார் எஃப் இன் ./*.ஜேபிஜி; டூ டச் "$எஃப்.முடிந்தது"; டன்

"$எஃப்" என்பதைச் சுற்றியுள்ள இரட்டை மேற்கோளை அழகுக்காக இட்டதாக எண்ணிவிட வேண்டாம். அது இல்லையென்றால் மாறியின் மதிப்பு துண்டாவதுடன் நிற்காது, துண்டானவை மீண்டும் வைல்டுகார்டாகவும் விரியும். உங்கள் அடைவில் "*.ஜேபிஜி.முடிந்தது" என்ற கோப்பு இருக்கும் நிலையில், ஏதேனும் ஒரு ஸ்கிரிப்ட் மேற்கோளின்றி "ஆர்எம் $எஃப்" என்று எழுதி அந்தப் பெயரைச் சந்தித்தால், நீங்கள் அஞ்சிய விபத்து நீங்கள் ஒன்றும் தட்டச்சு செய்யாமலேயே நடந்துவிடும். இன்னும் அமைதியான விபத்து ஒன்று உண்டு. "மலர்[1].பிடிஎஃப்" என்பது போன்ற பெயர்கள் பழைய உலாவிகளின் தற்காலிக அடைவுகளிலிருந்து வருபவை. மேற்கோள் இல்லாவிட்டால் ஷெல் அந்தச் சதுர அடைப்பை "1 என்ற ஒரு குறி" என்று படிக்கும், அருகில் "மலர்1.பிடிஎஃப்" இருந்தால் அந்தக் கோப்பு நீங்கும், நீங்கள் நீக்க எண்ணியது அப்படியே இருக்கும், பிழைச் செய்தியும் வராது.

எல்எஸ் காட்டும் ஒற்றை மேற்கோள் பெயரின் பகுதி அன்று. குனூ கோர்யூட்டில்ஸ் 8.25 பதிப்பிலிருந்து, அதாவது 2016 முதல், முனையத்தில் காட்டும்போது மட்டும் சிக்கலான பெயர்களை எல்எஸ் மேற்கோளிட்டுக் காட்டுகிறது. பெயரின் கடைசியில் ஒளிந்திருக்கும் இடைவெளியைக் கண்டுபிடிக்க இது மிகவும் உதவும்.

"கோலம்" பற்றி என்னைவிட நன்கறிந்தவர் இங்கே இருக்கிறார், அவர் வரட்டும்.

பதில்: நெடுங்கணக்கு

கருந்திரை அழைத்ததால் வந்தேன். ஓலைப்பெட்டி ஐயா, நீங்கள் படித்தது சரிதான். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது. உங்களிடம் இருப்பவை கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு வேறு பெயர்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குக் கோப்புப் பெயர் என்பது எழுத்துகள் அல்ல, பைட்டுகளின் தொடர். சாய்வுக் கோட்டையும் சுழி பைட்டையும் தவிர எந்த பைட்டையும் அது மறுப்பின்றி ஏற்கும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் பெயருக்கு 255 பைட்டுகள் வரை இடம் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுவதால், நமக்கு 85 குறியீடுகள்தாம் கிடைக்கும். மலரின் முழுத் தலைப்பையும் பெயராக வைக்கப் பார்ப்பவர்கள் இந்த எல்லையில் முட்டிக்கொள்வதுண்டு.

"கோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி என்ற ஒரே குறியீட்டை இடுவது ஒரு முறை. ஏகாரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாக அடுத்தடுத்து இடுவது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இவை சமமானவை. ஆனால் பைட்டுகள் வேறு. நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் முதல் முறையில் எழுதுகின்றன. மேக்ஓஎஸ்ஸின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையோ, நீங்கள் எப்படி எழுதினாலும் பெயரைப் பிரித்து இரண்டாம் முறையிலேயே சேமிக்கும். அத்தகைய வட்டிலிருந்து நகலெடுத்த கோப்பு லினக்ஸுக்கு வரும்போது பிரிந்த வடிவிலேயே வருகிறது. பின்னர் வேறொருவர் சேர்ந்த வடிவில் அதே பெயரை அனுப்பினால் எக்ஸ்ட்4 அதைப் புதிய கோப்பாகவே ஏற்கிறது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

கண்ணால் பார்க்க ஒரு வழி:

எல்சி_ஆல்=சி எல்எஸ் -பி

இந்தச் சூழலில் எல்எஸ் ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு பைட்டையும் எண்மான எண்ணாகக் காட்டும். தமிழ்க் குறியீடுகள் எல்லாம் \340\256 என்றோ \340\257 என்றோ தொடங்கும். ககரம் \340\256\225. அதற்கடுத்து \340\257\213 என்று இருந்தால் அது சேர்ந்த ஓகாரம். \340\257\207\340\256\276 என்று இருந்தால் பிரிந்தது.

இனி, இந்தத் திரியின் பொருளான வைல்டுகார்டுக்கே வருகிறேன். கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பொருந்தும் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. எந்த எழுத்து? நாம் "கோலம்" என்பதை மூன்று எழுத்துகளாக எண்ணுகிறோம். தொல்காப்பியமும் அப்படித்தான் எண்ணும். பாஷ் அப்படி எண்ணுவதில்லை. யூடிஎஃப்-8 சூழலில் அது குறியீடுகளை எண்ணுகிறது: சேர்ந்த வடிவில் ககரம், ஓகாரக் குறி, லகரம், மகரம், புள்ளி என ஐந்து; பிரிந்த வடிவில் ஆறு. ஆகவே "???.பிடிஎஃப்" என்றால் இரண்டில் எதுவும் சிக்காது. ஆனால் இதே குணத்தை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம்:

பிரிண்ட்எஃப் '%எஸ்\என்' ./??????.பிடிஎஃப்

ஆறு கேள்விக்குறிகள் இட்டால் பிரிந்த வடிவம் மட்டும் வரும், ஐந்து இட்டால் சேர்ந்த வடிவம் மட்டும் வரும். வேறு பெயர்களும் உடன் வந்தால் லகரத்தையும் மகரத்தையும் புள்ளியையும் வெளிப்படையாக எழுதி வடிகட்டுங்கள். உங்களால் எட்ட முடியாத கோப்பு இப்போது கைக்கு வந்துவிட்டது. மறுபெயரிடுமுன் சிஎம்பி கட்டளையால் இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் வழியாக ஓடும் ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் சி என்ற வெற்று மொழிச்சூழலில் ஓடுகின்றன. அங்கே ஒரு கேள்விக்குறி ஒரு பைட்டுக்கே பொருந்தும், ஆகவே அதே "கோலம்" 15 கேள்விக்குறிகளையோ 18 கேள்விக்குறிகளையோ கேட்கும். முனையத்தில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் இரவில் மட்டும் கோப்புகளைத் தவறவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பெயர்கள் மொத்தத்தையும் சேர்ந்த வடிவுக்கு மாற்ற கன்வ்எம்வி என்ற கருவி உண்டு. மூலமும் இலக்கும் யூடிஎஃப்-8 என்று குறித்து, அதற்கு "--என்எஃப்சி" என்று சொல்ல வேண்டும். "--நோடெஸ்ட்" என்று வெளிப்படையாகக் கேட்கும்வரை அது எதையும் மாற்றாது, என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். ஆனால் அந்தக் கருவியாலும் திருத்த முடியாதவை இரண்டு உண்டு. "கௌ" என்பதற்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு "கெள" என்று எழுதும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது யூனிகோடின் பார்வையில் வேறு சொல், எனவே "கௌ*" என்று தேடினால் கிடைக்கவே கிடைக்காது. மற்றொன்று, "க்ஷ" என்ற கூட்டெழுத்தைப் பிரித்துக் காட்டச் சிலர் இடையில் இடும் அகலமற்ற இணைப்புத்தடைக் குறி. திரையில் அதற்கு உருவமே கிடையாது. மேலே சொன்ன எல்எஸ் வெளியீட்டில் \342\200\214 என்று தென்பட்டால் அதுதான்.

பதில்: பின்மாலை

ஒரு சிறிய உத்தியைச் சேர்க்க விரும்புகிறேன். முக்கியமான அடைவுகளில் "-ஐ" என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை "டச் ./-ஐ" என்று உருவாக்கி வைத்துவிடுங்கள். எவரேனும் மறதியில் "ஆர்எம் -ஆர்எஃப் *" என்று அடித்தால், நட்சத்திரம் விரியும்போது அந்தப் பெயரும் உள்ளே வரும். ஆர்எம் அதை விருப்பக்குறியாகப் படித்து, ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்கத் தொடங்கும். சிறுகோட்டுச் சிக்கலையே காவலாக மாற்றும் வழி இது. நான் பல ஆண்டுகளாகக் கையாண்டுவருகிறேன்.

பதில்: இரவுக்காவல்

பின்மாலை சொன்னது பழைய உத்தி, சுவையானதும்கூட. ஆயினும் அதை நம்பி ஓர் அடைவை ஒப்படைக்க மாட்டேன். மேக்ஓஎஸ்ஸிலும் பிஎஸ்டி முறைமைகளிலும் உள்ள ஆர்எம், முதல் கோப்புப் பெயரைக் கண்டவுடன் விருப்பக்குறிகளைத் தேடுவதை நிறுத்திவிடும். "(1) அட்டை.ஜேபிஜி" என்பது போன்ற ஒரு பெயர் வரிசையில் முன்னால் வந்தால் போதும், காவல் கழன்றுவிடும். குனூ ஆர்எம்மில் இடம் பொருட்டில்லை, ஆனால் கருந்திரை பரிந்துரைத்தபடி ஒருவர் "./*" என்று ஒழுங்காக எழுதினால் அங்கும் அது பயன்படாது. பெற்றோர் அடைவிலிருந்து மொத்தமாக நீக்கினாலும் பயன்படாது. குனூ ஆர்எம்மில் பெரிய எழுத்து "-ஐ" என்ற விருப்பக்குறி இருக்கிறது. மூன்று கோப்புகளுக்கு மேல் நீக்கும்போதோ அடைவுக்குள் இறங்கி நீக்கும்போதோ ஒரே ஒருமுறை கேட்கும். அதைப் பழக்கமாக்கிக்கொள்வது மேல்.

இந்த உத்தியின் மறுபக்கம்தான் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது. ஒரு கோப்பின் பெயர் கட்டளையை நல்வழிப்படுத்த முடியுமானால், கெடுவழிப்படுத்தவும் முடியும். ஓலைப்பெட்டியின் அடைவில் பலர் கோப்பு இடுகிறார்கள். அங்கே எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக, உரிமையாளரை மாற்றும் "சௌன்" கட்டளையை வெறும் நட்சத்திரத்துடன் இயக்கினால், "--ரெஃபரன்ஸ்=" என்று தொடங்கும் பெயருடைய ஒரு கோப்பு, உரிமையாளரை வேறொரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் குனூ டார் இன்னும் மோசம். அதன் சோதனைப்புள்ளி விருப்பக்குறிகளைப் பெயராகக் கொண்ட இரண்டு கோப்புகள் இருந்தால், காப்பு எடுக்கும் அந்த நேரத்தில் வேறொரு நிரலையே ரூட் உரிமையுடன் இயக்கிவிட முடியும். 2014-இல் இது ஓர் ஆய்வறிக்கையாகவே வெளிவந்து பரவலாகப் பேசப்பட்டது. நட்சத்திரத்துக்கு முன் "./" இட்டால் இவை அனைத்தும் வெறும் கோப்புப் பெயர்களாக அடங்கிவிடும்.

அடுத்து, 40,000 கோப்புகள் என்கிறீர்கள். இன்றோ நாளையோ "மதிப்புருப் பட்டியல் மிக நீளம்" என்ற பிழையைச் சந்திப்பீர்கள். குறை நட்சத்திரத்தில் இல்லை. ஷெல் அதை நன்றாகவே விரித்துவிடும். விரித்த பட்டியலைப் புதிய நிரலிடம் ஒப்படைக்கும்போது கெர்னல் வைத்திருக்கும் அளவெல்லை அது. லினக்ஸில் அடுக்கு நினைவக வரம்பில் கால்பங்கு. வழக்கமான 8 எம்பி வரம்பில் 2 எம்பி, அதாவது 20,97,152 பைட்டுகள். ஒரு பெயரில் இருபது தமிழ்க் குறியீடுகள் இருந்தாலே 60 பைட்டுகள், பின்னொட்டுடன் 64. நாற்பதாயிரம் பெயர்களுக்கு 25 லட்சம் பைட்டுகளைத் தாண்டிவிடும். அதே நீளமுள்ள ஆங்கிலப் பெயர்கள் என்றால் தாராளமாக அடங்கியிருக்கும். ஃபார் சுழற்சியும் பாஷுக்குள்ளேயே இருக்கும் பிரிண்ட்எஃப்பும் புதிய நிரலை அழைக்காததால் இந்த எல்லை அவற்றைத் தீண்டாது.

எல்லையைத் தாண்டும்போது, கோப்புகளைத் தேடித்தரும் ஃபைண்ட் கைகொடுக்கும்:

ஃபைண்ட் . -நேம் '*.ஜேபிஜி.முடிந்தது' -எக்ஸெக் ஆர்எம் {} +

கடைசியில் உள்ள கூட்டல் குறி, எல்லைக்குள் அடங்கும் அளவு பெயர்களைத் தொகுதி தொகுதியாக அனுப்புகிறது. நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள மேற்கோளைக் கவனியுங்கள். கருந்திரை சொன்ன இரு வாசகர்களில் இம்முறை நட்சத்திரத்தைப் படிக்க வேண்டியவர் இரண்டாமவர். ஃபைண்ட்தான் அதைப் பொருத்திப் பார்க்கப்போகிறது. மேற்கோள் இல்லாவிட்டால் ஷெல் முந்திக்கொண்டு விரித்துவிடும். அடைவில் பொருந்தும் கோப்பு ஒன்று மட்டும் இருந்தால் அந்த ஒரு பெயரையே ஃபைண்ட் எல்லா உள்ளடைவுகளிலும் தேடும், பல இருந்தால் பிழை சொல்லும், ஒன்றும் இல்லாவிட்டால் சரியாக ஓடும். சில நாள் ஓடிச் சில நாள் ஓடாத ஸ்கிரிப்டுகளில் இந்த மேற்கோள்தான் பலமுறை விடுபட்டிருக்கிறது. ஓலைப்பெட்டி அவர்கள் இந்த வரியை அப்படியே இயக்கிவிட வேண்டாம், எல்லா அடையாளக் கோப்புகளும் போய்விடும்.

பெயர்களை வேறொரு கட்டளைக்குக் குழாய்வழி அனுப்ப வேண்டுமானால் ஃபைண்டின் "-பிரிண்ட்0" என்பதையும் "எக்ஸார்க்ஸ் -0" என்பதையும் இணையாகப் பயன்படுத்துங்கள். பெயருக்குள் புதுவரிக் குறிகூட இருக்கலாம் என்பதால், வரிக்கு ஒரு பெயர் என்ற கணக்கு எப்போதும் செல்லும் என்று சொல்ல முடியாது. பெயருக்குள் வரவே முடியாத சுழி பைட்டைப் பிரிப்பானாக வைத்தால்தான் ஐயமே இல்லை. நீண்டகாலம் குனூவும் பிஎஸ்டியும் மட்டும் தந்துவந்த இந்த வசதி 2024-ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றுவிட்டது.

தட்டச்சு செய்யவே முடியாத பெயர் வந்தால் "எல்எஸ் -ஐ" காட்டும் ஐனோடு எண்ணை (கோப்பு முறைமை கோப்புக்குத் தரும் எண்) குறித்துக்கொண்டு, ஃபைண்டின் "-ஐநம்" வழியாகப் பிடியுங்கள். வேறு வட்டில் அதே எண் இருக்கக்கூடும் என்பதால் "-மேக்ஸ்டெப்த் 1" என்பதையும் மறவாமல் சேருங்கள்.

ஓலைப்பெட்டி

அனைவருக்கும் நன்றி. "-அட்டை.ஜேபிஜி" நீங்கியது. கருந்திரை சொன்னது போலவே பிழைச் செய்தியின் இரண்டாம் வரியில் அந்த ஆலோசனை முதலிலிருந்தே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. நட்சத்திரக் கோப்பைப் பிரிண்ட்எஃப்பில் இருமுறை பார்த்துவிட்டு ஒற்றை மேற்கோளுடன் நீக்கினேன்.

"கோலம்" இரண்டும் ஒன்றல்ல. சிஎம்பி வேறுபாடு காட்டியதால் திறந்து பார்த்தேன். பிரிந்த வடிவில் இருந்த கோப்பில் பின்னட்டையும் விளம்பரப் பக்கங்களும் கூடுதலாக இருந்தன, இத்தனை நாள் நாங்கள் இழந்துவிட்டோம் என்று எண்ணியிருந்த பக்கங்கள் அவை. அதற்குப் புதுப் பெயர் இட்டுவிட்டேன்.

எங்கள் காப்பு ஸ்கிரிப்ட் ஒவ்வோர் இரவும் ரூட் பயனராக, வெறும் நட்சத்திரத்துடன் டார் கட்டளையை இயக்கிவந்தது. இரவுக்காவலின் பதிலைப் படித்து முடிப்பதற்குள் அந்த வரியைத் திருத்திவிட்டேன். கன்வ்எம்வியின் சோதனை ஓட்டத்தை இப்போது தொடங்கியிருக்கிறேன். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.